ஊருக்குச் சொன்ன சேதி

பெண் முதன்முதலாக ருதுவானதை ஊரைக் கூட்டிக் கொண்டாடும் வழக்கம் தமிழகத்தில் எக்காலத்தில் தோன்றியது என்பதை ஆண்டுக் கணக்கிட்டு நிர்ணயிப்பது எளிதன்று; ஆயினும், விலக்கான ஸ்திரீ சில பொருள்களையும் சில இடங்களையும் தீண்டாது ஒதுங்கி நிற்கும் சம்பிரதாயம் சங்க காலத்திலேயே இங்கு வேரூன்றியிருந்தது என்பதற்குப் புறநானூறு சாட்சி சொல்கிறது. அந்நூலின் 299-ஆம் பாட்டில் பொன்முடியார், போர்க்களத்தில் ஒடுங்கி நின்ற குதிரைகளுக்கு உவமை தேடுங்கால், முருகன் கோயிலில் பாத்திரங்களைத் தொடாமல் விலகி நிற்கும் மகளிரையே எடுத்துக் காட்டுகிறார். விளக்கம் ஏதுமின்றி உவமையாக மட்டுமே அதனை அவர் கையாண்டிருப்பதால், கேட்போர் யாவருக்கும் அவ்வழக்கம் முன்னரே பழகியிருந்தது என்று கொள்ளலாம். தொல்காப்பியரோ, பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாளும் கணவன் மனைவியைப் பிரிந்து உறைதல் அறமாகாது என்று கற்பியலில் விதிக்கிறார்; கருத்தரிப்பதற்கு உரிய காலம் எது என்பது பற்றிய ஓர் அனுபவ ஞானம் அவ்விதியின் பின்னே இருந்ததாகத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் கிராமங்களில் நிலைத்துவிட்ட சடங்கின் முறை, வட்டாரந்தோறும் ஜாதிதோறும் சிறிது வேறுபட்டாலும், பெரும்பாலும் ஒன்றே. சேதி முதலில் தாய்மாமன் வீட்டுக்குப் போகும். அவர் பச்சைத் தென்னங்கீற்று வெட்டி வந்து வீட்டின் ஓரத்தில் குச்சுக் கட்டிக் கொடுக்க, அதனுள் பெண்ணை அமர்த்தி, வாசலில் உலக்கையைக் குறுக்கே கிடத்தி, வேப்பிலையும் ஓர் இரும்புத் துண்டும் காவலாக வைத்து, அவளுக்கென்று தனித்தட்டும் தனிக்குவளையும் ஒதுக்கி, ஒன்பதோ பதினொன்றோ பதினாறோ நாள் கழிந்தபின் மஞ்சள் நீராட்டி, குச்சைப் பிரித்துக் கொளுத்தி, மாமன் சீராகக் கொண்டுவந்த பட்டை உடுத்திச் சபையில் இருத்தி, சுமங்கலிகள் ஆரத்தி சுற்றுவார்கள். யாழ்ப்பாணத்தில் சாமத்தியச் சடங்கு என்று வழங்கும் இதே வைபவத்தில், மாமன் அவள் தலையில் பாலும் அறுகும் வைத்த பிறகே நீராட்டு நடைபெறும். குச்சில் இருந்த நாள்களில் அவளுக்குக் கிடைத்த ஆகாரத்தை மட்டும் நான் மனமாரப் போற்றுவேன். உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உருட்டித் தருவதும், நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயோடு குடிக்கச் செய்வதும், வளரும் சரீரத்துக்கு ஊட்டம் வேண்டும் என்பதை அறிந்த கிழவிகளின் வைத்தியம். வேறு நாள்களில் அண்ணன் தம்பிமாருக்குப் பின்னரே சோறு கண்ட பெண்ணுக்கு, அந்தச் சில நாள்களிலாவது வீட்டின் நல்ல உணவு முதலில் வந்தது.

மாமனுக்கு ஒரு கடமை, அத்தைக்கு ஒரு கடமை, சோதிடருக்கு ஒரு கடமை என்று சகலருக்கும் வேலை பகுத்துக் கொடுத்திருந்த அந்தச் சடங்கில், தன் உடலிலிருந்து ஏன் இரத்தம் கசிகிறது என்று அஞ்சி நடுங்கிய சிறுமிக்கு அதன் காரணத்தை விளக்கிச் சொல்லும் கடமை எவருக்கும் ஒதுக்கப்படவில்லை. பூப்பின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என்னை வருத்தும் செய்தி இதுவே.

அச்சடங்கில் பங்கு கொண்டும் மரியாதை பெறாதவள் வண்ணாத்தி. தீட்டுத் துணியை எடுத்துச் செல்வதும், வெளுத்த மாற்றுத்துணியைக் கொண்டுவந்து கொடுப்பதும் அவள் பொறுப்பு. சேரிகளில் அந்த வேலையைப் புதிரை வண்ணார் செய்தார்கள். கூலி பெரும்பாலும் களத்து நெல்லும் இரவுச் சோறுமே. பெண்ணுக்குப் பதினாறாம் நாளில் கழிந்துபோன தீட்டு, அவள் துணியைத் துறையில் அலசியவளுக்கு ஆயுள் முழுவதும் கழியவில்லை.

ஊருக்குச் சேதி சொன்னதன் நோக்கம் வெளிப்படையானது: முறைமாப்பிள்ளை உள்ள வீட்டார் அறிந்துகொள்ள வேண்டும். ருதுவான நட்சத்திரம், திதி, கிழமை, அப்போது உடுத்தியிருந்த ஆடையின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு ருது ஜாதகம் கணித்து, வரப்போகும் கணவனுடைய ஆயுளையும் ஐசுவரியத்தையும் சோதிடர்கள் உரைத்தார்கள். பொல்லாத வேளை என்றால் சாந்தி செய்வித்தார்கள். அவளுடைய சரீரத்தில் நிகழ்ந்த ஒன்று, இவ்வாறு, இன்னும் பெயர்கூடத் தெரியாத ஓர் ஆடவனுடைய சமாசாரமாக மாறிவிட்டது.

பிராமணக் குடும்பங்களிலும் அவர்களது ஆசாரத்தைப் பின்பற்றிய சில வகுப்பாரிடத்தும் நிலைமை வேறு. ருதுவாகுமுன் விவாகம் முடித்தாக வேண்டும் என்பது அங்கே விதி. அது தவறினால் தகப்பனுக்குப் பாவம் என்று தர்ம சாஸ்திரங்கள் பயமுறுத்தின. ஆகவே, விவாகத்துக்கு முன்பே பெண் பெரியவளாகிவிட்டால், வெளியே மூச்சு விடாமல் மறைத்த குடும்பங்கள் பல. விவாகமானவள் ருதுவானால் சாந்தி முகூர்த்தத்துக்கு நாள் குறிப்பார்கள். அவளுக்கு வயது பன்னிரண்டா பதின்மூன்றா என்று யாரும் கேட்பதில்லை. இக்கொடுமையில் சட்டம் கைவைத்தது கல்கத்தாவில் நிகழ்ந்த ஒரு மரணத்தின் பிறகு. பூல்மணி என்ற சிறுமி தன் கணவனால் நேர்ந்த காயத்தால் 1890-ல் உயிரிழந்தாள். மறு ஆண்டில், சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் நிறைவேறியது. முதல் ருதுவை ஒட்டிச் செய்ய வேண்டிய கர்ப்பாதானத்துக்கு இடையூறு என்று சொல்லித் திலகர் போன்ற பெரியோரும் அதை எதிர்த்ததை எண்ணும்போது மனம் கசக்கிறது. பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அந்த இடைவெளியில் அவசர அவசரமாகத் தாலி கட்டப்பட்ட குழந்தைகளின் தொகை பெரிது என்பதை 1931-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு காட்டிக் கொடுத்தது.

அச்சட்டம் வருமுன்பே, 1928-ல், பெண்ணுக்குப் பதினாறும் ஆணுக்கு இருபத்தொன்றும் விவாக வயதாக வேண்டும் என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், ருதுவானதும் அக்கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, தந்தையாரின் ஊக்கத்தால் வீட்டிலிருந்தே படித்து, பிறகு புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆடவர் நடுவே ஒற்றைப் பெண்ணாய்ச் சேர்ந்து, 1912-ல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பூப்பெய்திய அன்றே புத்தகப் பையை இறக்கி வைத்த பெண்கள் அத்தலைமுறையில் எத்தனை ஆயிரமோ. அவர்களில் திரும்பவும் கல்விக்கூடம் கண்டவர் மிகச் சிலரே.

பூப்பின் காரணத்தைப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்லாத தாய்மாரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பாலூட்டிகளின் அண்டத்தைப் பேயர் என்னும் விஞ்ஞானி கண்டறிந்ததே 1827-ல்தான். அதன் பின்னரும், அண்டம் வெளிப்படுவதும் உதிரப்போக்கும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன என்று ஐரோப்பிய வைத்தியர் நெடுங்காலம் நம்பினர். அடுத்த விலக்குக்கு ஏறத்தாழப் பதினான்கு நாள் முன்னதாகவே அண்டம் வெளிப்படுகிறது என்பதை 1920-களில் ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் தனித்தனியே நிறுவிய பிறகுதான் உண்மை தெளிந்தது. எனினும், இது நோயன்று, சில நாளில் நின்றுவிடும், அடுத்த மாதமும் வரும் என்ற மூன்று உண்மைகளைச் சொல்ல விஞ்ஞானம் தேவையில்லை. எல்லாத் தாய்க்கும் அவை தெரிந்திருந்தன. வெட்கம் வாயை அடைத்தது.

அந்த வெட்கம் துணி விஷயத்திலும் தன் வேலையைச் செய்தது. பழஞ்சேலைக் கிழிசலைத் துவைத்து, வெயில் படாத மூலையில் பிற துணிக்கு அடியில் ஒளித்து உலர்த்தினார்கள். வெயில் அதற்கு எத்தனை அவசியம் என்பதை யாரும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவாக நாப்கின் செய்யும் இயந்திரத்தை வடிவமைத்ததும், பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் ‘புதுயுகம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2011-ல் அறிவித்ததும் அண்மைக் காலச் சரித்திரம். பொட்டலம் வீடு வந்து சேர்ந்துவிட்டது. பேச்சு எல்லா வீட்டுக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

ஒன்பது பத்து வயதிலேயே பெண்ணை அருகில் அமர்த்திச் சொல்லத் தக்கது இவ்வளவே: கரு வந்து தங்கினால் வேண்டுமென்று கர்ப்பப்பை மாதந்தோறும் தன் உள்சுவரில் ஒரு மெத்தையான படலத்தை வளர்க்கிறது, கரு உண்டாகாதபோது அப்படலம் கரைந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது, மூன்று முதல் ஏழு நாள் வரை அது நீடிக்கும், மொத்தமாக வெளியேறும் இரத்தம் சில மேஜைக்கரண்டி அளவே, முதல் இரண்டொரு வருஷம் நாள் முன்பின்னாகத் தப்பி வரலாம், அதற்காகக் கலங்க வேண்டியதில்லை, துணியாயினும் நாப்கினாயினும் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், குளிக்கலாம், ஓடலாம், பள்ளிக்குப் போகலாம், ஊறுகாய் ஜாடியைத் தொடலாம், அது கெட்டுப்போகாது. ஏழு நாளுக்கு மேல் போக்கு நீடித்தாலும், ஓரிரு மணி நேரத்துக்குள்ளாகவே நாப்கின் முழுதும் நனைந்துகொண்டே வந்தாலும், வலியால் எழுந்து நடமாட முடியாது போனாலும், பதினைந்து வயது நிறைந்தும் ருதுவாகாவிட்டாலும், சோதிடரிடம் போகாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.