பாய்க்கு அடியில்

இங்கிலாந்தில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் (சஃப்ரஜெட்டுகள்) ஜூஜுட்சு என்ற ஜப்பானியச் சண்டைக்கலையைக் கற்றுக்கொண்ட வரலாறு பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் சொல்லப்படுகிறது. 1910 நவம்பர் 18 அன்று சுமார் 300 பெண்கள் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கப் போனார்கள். பஞ்சாப் அரச குடும்பத்து சோஃபியா துலீப் சிங்கும் அவர்களில் ஒருவர். வாசலில் போலீஸ் மணிக்கணக்காக அவர்களை அடித்து, இழுத்து, தெருவில் தள்ளியது. 'கறுப்பு வெள்ளி' என்று பெயர் பெற்ற அந்த நாளுக்குப் பிறகு, தற்காத்துக்கொள்ள வேறு வழியில்லாமல் பெண்கள் சண்டைக்கலை கற்கப் போனார்கள் என்பது கதை. அடி முதலில், பயிற்சி பிறகு.

இந்த வரிசையை நான் நம்பாமல் போனதற்குக் காரணம் ஒரு சிறு விளம்பரம். வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் சமூக அரசியல் சங்கத்தின் வார ஏடான 'வோட்ஸ் ஃபார் விமன்' இதழின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பை, கூட்ட அறிவிப்புகளையும் தொப்பிக்கடை விளம்பரங்களையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஆண்டின் கடைசியில் அது கண்ணில் பட்டது. சஃப்ரஜெட்டுகளுக்கான தற்காப்புச் சங்கம். இடம் கென்சிங்டன், எட்வர்ட்ஸ் சதுக்கம். செவ்வாயும் வியாழனும் மாலை 7 மணி. கறுப்பு வெள்ளிக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே வாரத்துக்கு இரண்டு வகுப்பு ஒழுங்காக நடந்திருக்கிறது.

கறுப்பு வெள்ளியின் கொடுமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. டாக்டர் ஜெஸ்ஸி மரேயும் பத்திரிகையாளர் பிரெய்ல்ஸ்ஃபர்டும் பிறகு திரட்டிய 135 வாக்குமூலங்களில் 29 பாலியல் சீண்டலைப் பற்றியவை. ஒருமுறை படித்தவர்கள் அவற்றை மறக்க முடியாது. ஆனாலும் தேதி தேதிதான். அடிபட்டதால்தான் பெண் கலை கற்றாள் என்று எழுதும்போது, கற்க வேண்டும் என்று அவள் தானாகவே எடுத்த முடிவு காணாமல் போகிறது. அந்த முடிவைத் தேடித்தான் இந்த ஆய்வு.

விளம்பரத்தில் இருந்த ஆசிரியரின் பெயர் எடித் கேருட். அவரைப் பழைய பத்திரிகைகளின் மின்னாக்கப் பக்கங்களில் தேடுவது எளிதல்ல. அவர் பெயரை அச்சுக்கோத்தவர்கள் பலவாறு பிழையாக்கியிருக்கிறார்கள். ஜூஜுட்சு என்ற சொல்லையும் நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு முகவரிகளைப் பிடித்துக்கொண்டேன். அவர் எந்தப் படிநிலையை அடைந்தார் என்று சான்றிதழ்களை வைத்துச் சொல்லவும் வழியில்லை. அவர் எந்தக் கூடத்தில் மாணவி, எந்தக் கூடத்தில் ஆசிரியை, எந்தக் கூடம் அவர் பெயரில் இயங்கியது என்று பார்த்தால்தான் வளர்ச்சி தெரிகிறது.

எடித் 1872இல் பாத் நகரில் பிறந்தவர். 1893இல் உடற்பயிற்சி ஆசிரியரான வில்லியம் கேருடை மணந்துகொண்டு லண்டன் வந்தார். 1899இல் பார்ட்டன்-ரைட் என்ற பொறியாளர் ஜப்பானிலிருந்து திரும்பி ஜூஜுட்சுவை லண்டனில் அறிமுகப்படுத்தியபோது தம்பதி இருவரும் அதில் ஈர்க்கப்பட்டார்கள். பிறகு சோஹோ பகுதியின் கோல்டன் சதுக்கத்தில் சதகாசு உயெனிஷி நடத்திய பள்ளியில் சேர்ந்தார்கள். முதல் முகவரி அது. 1907இல் வழிப்பறிக்காரர்களைத் தூக்கி எறியும் பெண்ணாக ஒரு குறும்படத்தில் எடித் நடித்தார். 1908இல் உயெனிஷி இங்கிலாந்தை விட்டுப் போனதும் பள்ளியை வில்லியம் ஏற்றார். பெண்கள், குழந்தைகள் வகுப்பு எடித்தின் பொறுப்பானது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவியாக நுழைந்த அதே கூடம்.

அரசியல் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1909 மே மாதம் நைட்ஸ்பிரிட்ஜில் பெண்கள் சமூக அரசியல் சங்கம் நடத்திய பெரிய கண்காட்சியில் எடித் மேடை ஏறினார். உயரம் 4 அடி 11 அங்குலம். எதிரே வந்த போலீஸ்காரரின் எடை 13 ஸ்டோன், நம் கணக்கில் ஏறக்குறைய 83 கிலோ. அவரை எடித் தூக்கிப் போட்டார். அன்றைய பத்திரிகைகளுக்கு அது நல்ல தீனி. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, 'வோட்ஸ் ஃபார் விமன்' ஏட்டின் 1910 மார்ச் 4 இதழில் தற்காப்பு பற்றி அவரே எழுதிய கட்டுரை. வித்தை காட்டுகிறவரின் குரல் அதில் இல்லை. உடல் வலிமையில் குறைந்தவர் எதிராளியின் எடையையும் வேகத்தையும் அவருக்கு எதிராகவே எப்படித் திருப்பலாம் என்று பொறுமையாக விளக்குகிற ஆசிரியரின் குரல்.

அதே ஆண்டு வெளியான புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூடத்தில் மாணவிகள் அணிவது தடித்த மேல்சட்டையும் குட்டைக் கால்சட்டையும். இந்தப் படங்களிலோ எடித் தரையைத் தொடும் பாவாடையும் தொப்பியுமாக, கடைத்தெருவுக்குப் புறப்பட்டவர்போல் நிற்கிறார். எதிரே போலீஸ் உடையில் ஓர் ஆள். அவர் மணிக்கட்டும் முழங்கையும் எடித்தின் பிடியில். பிடியின் நுணுக்கம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பாவாடையைக் கவனியுங்கள். பாயின் மேல் சுலபமாக வரும் காலடி, கணுக்காலில் துணி சுற்றும்போது வராது. மாணவி அதைப் பயன்படுத்தப்போவது தெருவில், தெரு உடையில். அதை யோசித்து எடுத்த படம் இது.

1910 ஜூலை 6 அன்று 'பஞ்ச்' இதழில் ஆர்தர் வாலிஸ் மில்ஸ் வரைந்த கேலிச்சித்திரம் வந்தது. ஜூஜுட்சு தெரிந்த ஒரு சஃப்ரஜெட்டைச் சுற்றி நிற்கும் போலீஸ்காரர்கள் நெருங்கப் பயப்படுகிறார்கள். ஏற்கெனவே அவரிடம் அகப்பட்டவர்கள் வேலிக் கம்பிகளில் தொங்குகிறார்கள். இதுவும் கறுப்பு வெள்ளிக்கு நான்கு மாதம் முந்தியது. லண்டன் வாசகர் பார்த்தவுடன் சிரிக்க வேண்டுமென்றால் விஷயம் ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆக பயிற்சி பரவலாகப் பேசப்பட்டது என்பதற்குக் கேலிச்சித்திரமே சாட்சி.

அப்படியானால் 1909இல் பெண்களைப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்தது எது? 'வோட்ஸ் ஃபார் விமன்' ஏட்டின் செய்திப் பக்கங்கள் பதில் சொல்கின்றன. தெருமுனைக் கூட்டங்களில் மேடையைத் தள்ளிவிடும் ரௌடிக் கும்பல்கள், 1909 ஜூன் 29 மனு ஊர்வலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது என்று அன்றாட அனுபவமே போதுமானதாக இருந்தது. ஒரு பேரழிவுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

அடுத்த முகவரி ஆர்கைல் தெரு. 1911 முதல் பெண்கள் வகுப்பு அங்கே பலேடியம் அகாடமி என்ற நடனப் பள்ளியில் நடந்தது. இந்த இடத்தை வரைபடத்தில் குறித்தபோது, அதுவரை எனக்குச் சந்தேகமாக இருந்த ஒரு கதைக்கு உயிர் வந்தது. 1965இல், 93 வயதில், 'விமன்' இதழுக்காக காட்ஃப்ரி வின் எடுத்த பேட்டியில் எடித் சொன்ன கதை அது. போராட்டமாகக் கடைக் கண்ணாடிகளை உடைத்துவிட்டு ஓடிவரும் பெண்கள் தன் கூடத்துக்குள் நுழைவார்கள். வெளியுடையைக் களைந்து பயிற்சி உடையில் பாயின் மேல் நிற்பார்கள். மிச்சக் கற்களும் கட்டைகளும் பாய்க்கு அடியில், தரைக்குக் கீழே போய்விடும். தேடிவரும் போலீஸ் ஒரு பெண்கள் வகுப்பைப் பார்த்துச் சங்கடப்பட்டுத் திரும்பும்.

அரை நூற்றாண்டு கழித்துச் சொல்லப்படும் வீரக்கதையை ஆய்வாளர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஆர்கைல் தெருவின் வடமுனை ஆக்ஸ்ஃபர்ட் சர்க்கஸ். மேற்கே சில அடி நடந்தால் ரீஜண்ட் தெரு. 1912 மார்ச் 1 அன்று கண்ணாடிகள் நொறுங்கிய கடைவீதிகள் இவைதான். ஓடி வந்து ஒளிய இதைவிடப் பக்கமான இடம் கிடைக்காது. அதே வரைபடத்தில் இன்னொன்றும் இருந்தது: ஆர்கைல் தெரு தெற்கே போய் முட்டும் கிரேட் மார்ல்பரோ தெருவில் போலீஸ் கோர்ட். கூப்பிடு தொலைவில் நீதிமன்றத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் பாயில் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

1913க்கு வந்தபோது தடம் மங்கியது. ஏப்ரல் 3இல் சங்கத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்டுக்கு மூன்றாண்டு கடுங்காவல். அதே மாதம் 'பூனை-எலிச் சட்டம்' வந்தது: உண்ணாவிரதத்தால் நலிந்த கைதியை விடுவித்து, தேறியதும் மறுபடி பிடிக்கலாம். பிடிக்க வரும் போலீஸைத் தடுப்பதற்காகவே 25, 30 பெண்கள் கொண்ட மெய்க்காவல் படை உருவானது. பயிற்சி தந்தவர் எடித். ஆனால் விளம்பரம் இல்லை, நிலையான முகவரி இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை: ஏப்ரல் 30 அன்று கிங்ஸ்வேயிலிருந்த சங்கத் தலைமையகத்தில் போலீஸ் புகுந்து காகிதங்களை அள்ளிக்கொண்டு போனது. எழுதி வைத்த பெயர் அடுத்த வழக்கின் சாட்சியம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பெயர்களைச் சரிபார்க்கலாம் என்றால் அங்கும் ஓட்டை. வாக்கு இல்லாதவர் கணக்கிலும் இல்லை என்று சொல்லி, 1911 ஏப்ரல் 2 இரவில் பல சஃப்ரஜெட்டுகள் கணக்கெடுப்பாளர் கண்ணில் படாமல் வெளியே கழித்தார்கள்.

பட்டியல் போட்டவர்கள் போலீஸ்தான். ஹாலோவே சிறை முற்றத்தில் உலவிய பெண்களை ஒளிந்திருந்து படமெடுத்து, அருங்காட்சியகங்களுக்கு அடையாளத் தாள்களாக அனுப்பினார்கள். அந்தத் தாள்களில் ஈவ்லின் மனெஸ்டாவின் படம் இருக்கிறது, கழுத்தில் ஏதோ துணி சுற்றியதுபோல். மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது: அது துணி அல்ல, முகம் திரும்பாமலிருக்கக் காவலர் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த கை. அச்சுக்குப் போகும் முன் கையைத் துணியாக்கிவிட்டார்கள். அரசு ஆவணத்தை நம்பி இந்தப் பெண்களின் உடல் அனுபவத்தை எழுத முடியாது என்பதற்கு இந்த ஒரு படம் எனக்குப் போதும்.

மீதம் கிடைத்தது பெண்களே எழுதி வைத்ததிலிருந்து. லண்டன் அருங்காட்சியகத்தின் சஃப்ரஜெட் தொகுப்பில் கிட்டி மார்ஷலின் தட்டச்சு நினைவுக்குறிப்பு இருக்கிறது. கனடாவிலிருந்து வந்து படையை வழிநடத்திய கெர்ட்ரூட் ஹார்டிங்கின் குறிப்புகளை அவர் குடும்பத்தார் 1996இல் நூலாக்கினார்கள். டோனி வுல்ஃபும் எமலின் காட்ஃப்ரியும் இந்தத் துறையில் செய்திருக்கும் வேலை இல்லாமல் நான் இவற்றில் வழி கண்டிருக்க மாட்டேன்.

இந்தக் குறிப்புகளைப் படிக்கும் தமிழர் ஒரு பொருளில் நின்றே தீருவார். படையினர் பாவாடைக்குள் மறைத்துச் சென்ற ஆயுதம் கர்லாக்கட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் இங்கே ஆண்கள் அதைச் சுழற்றுவதைப் பார்த்துத் தாங்களும் பழகி, ஊருக்கு எடுத்துப்போனார்கள். 1830களில் டொனால்ட் வாக்கர் பெண்களுக்கென்றே எழுதிய உடற்பயிற்சி நூலில் அதற்கு இடம் கிடைத்தது. எடித் காலத்தில் பெண்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் அது சாதாரணச் சாமான். நம் ஊர்த் தாலீம்கானாக்களில் பெண்கள் தொட்டறியாத கட்டை, லண்டன் தெருவில் பெண்கள் கையில் போலீஸ் தடிக்கு எதிராக ஓங்கப்பட்டது.

மோதல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எடித் என்ன கற்பித்தார் என்பது விளங்கும். 1914 பிப்ரவரி 10 அன்று கேம்ப்டன் ஹில் சதுக்கத்தில் பாங்க்ஹர்ஸ்ட் மாடியிலிருந்து பேசி முடித்ததும், முகத்திரை போட்ட ஒரு பெண்ணைச் சூழ்ந்துகொண்டு படை வெளியே பாய்ந்தது. போலீஸ் கட்டைகளை மீறி அந்தப் பெண்ணை அடித்துக் கைப்பற்றிக் கொண்டுபோனது. திரையை விலக்கினால் வேறு ஆள். பாங்க்ஹர்ஸ்ட் அதற்குள் போய்விட்டார். சண்டையில் பெண்கள் தோற்றார்கள் என்று பத்திரிகைகள் எழுதலாம். எதிராளியின் வேகத்தை அவன் போகும் திசையிலேயே போகவிடு என்பதுதான் பாயில் முதலில் கற்கும் பாடம். அதை ஒரு தெரு முழுக்கச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கிளாஸ்கோவில் அது பலிக்கவில்லை. 1914 மார்ச் 9, செயின்ட் ஆண்ட்ரூஸ் மண்டபம். லண்டனிலிருந்து இரவு ரயிலில் வந்த படையினர் மேடையில் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடை விளிம்பில் பூத்தோரணம், பூக்களுக்குள் முள்கம்பி. பாங்க்ஹர்ஸ்ட் பேசத் தொடங்கியதும் போலீஸ் மேடைக்கு ஏறியது. கம்பி கைகளைக் கிழித்தது, பூந்தொட்டிகளும் நாற்காலிகளும் பறந்தன, கட்டைகள் தடிகளோடு மோதின. ஆனாலும் பாங்க்ஹர்ஸ்ட் கைதானார். அந்த மேடையில் போலி ஆள் இல்லை. அரங்கில் இருந்த கப்பல் கம்பெனிக் குடும்பத்துப் பெண்மணி ஜேனி ஆலன், போலீஸின் நடத்தைக்கு விசாரணை கேட்டுச் சாட்சிகளின் கூற்றுகளைத் திரட்டினார். அவருடைய தாள்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன.

ஆகஸ்டில் போர் மூண்டதும் சங்கம் போராட்டத்தை நிறுத்தியது; படை கலைந்தது. எடித் 1920களின் நடுப்பகுதி வரை கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றார், 1971இல் மறைந்தார். 2011இல் லண்டன் இஸ்லிங்டனில் அவர் வாழ்ந்த தோர்ன்ஹில் சதுக்க வீட்டில் நினைவுப் பலகை வைத்தார்கள். அதற்காக வாக்களித்த மக்களுக்கு என் நன்றி. ஆனால் ஆர்கைல் தெருவிலும் ஒன்று வேண்டும். மாணவிகள் வந்து சேர்ந்த இடம் அது.

இந்தத் துறையில் யாராவது புதிதாக இறங்கினால் நான் கேட்டுக்கொள்வது இது. ஜேனி ஆலன் திரட்டிய சாட்சிக் கூற்றுகளை, எடித்தின் 1910, 1911 செய்முறைப் படங்களோடு பிடி பிடியாக ஒப்பிட வேண்டும். அதைச் செய்கிறவர் குறைந்தபட்சம் ஓராண்டு பாயில் விழுந்து எழுந்த பெண்ணாக இருந்தால் நல்லது. மணிக்கட்டைப் பற்றியவுடன் ஆள் மண்டியிட்டான் என்று ஒரு சாட்சி சொல்வது மிகையா, அப்படியே நடக்கக் கூடியதா என்று அவருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும்.