வரைகலைச் செயலியும் வாடகைக் கணிப்புத் திறனும்

ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலி, ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கான சிறு கருக்களில் ஒரே நேரத்தில் போடும் சில்லு. திரையின் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் கணிக்கப் பிறந்தது. 2012இல் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பு இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளில் பயிற்றப்பட்ட பின், செயற்கை நுண்ணறிவு ஆய்வு பெருமளவில் இதன் பக்கம் திரும்பியது.

இத்தகைய சில்லுகள் சர்வருக்குப் போகும் முன் உறையிடலையும் சோதனையையும் கடக்க வேண்டும். மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் இத்தொழிலின் மூத்த பட்டறைகளுள் ஒன்று. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில் நிறுவியது. ஏஎம்டியும் அக்காலத்திலேயே வந்தது. வேறிடத்தில் உருவான சிலிக்கன் தட்டை அறுத்து, நகத்தளவுத் துண்டுகளை அடிப்பலகையில் பொருத்தி, உறையிட்டு, சூடேற்றிச் சோதிப்பது இத்தகைய ஆலைகளின் வேலை. இதை வெறும் பொருத்தும் பணி என்று குறைத்துச் சொல்வது தவறு. பழுதான சில்லு சர்வருக்குள் போகாமல் தடுப்பது இந்தச் சோதனைதான்.

இப்படிச் சோதித்து வரும் வரைகலைச் செயலி அட்டையை விலைக்கு வாங்க முடியாதவர்கள் சர்வரில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது அட்டையின் நினைவகம். 700 கோடி அளபுருக்கள் கொண்ட மொழி மாதிரியின் எடைகளுக்கு 16 பிட்டில் 14 ஜிகாபைட் தேவை. 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 3.5 ஜிகாபைட். அதை இயக்க 24 ஜிகாபைட் அட்டையே பெரும்பாலும் போதும். 80 ஜிகாபைட் கொண்ட எச்100 என்ற பெரிய அட்டைக்குப் பணம் கட்டுவது வீண். வாடகைக்கு விடுவோர் எந்நேரமும் திரும்பப் பெறக்கூடிய உபரித் திறன் இன்னும் மலிவு. ஆனால் பயிற்சியின் இடைநிலையை அடிக்கடி சேமித்துவைக்க வேண்டும். சர்வரை அணைத்த பின்னும் சேமிப்பு வட்டுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் ஓடும்.