நிரந்தர வதிவும் முகாம் பதிவும்: மேல்மொணவூரை முன்வைத்து மலையகத் தமிழரின் ஆவண வரலாறு

தோல் தொழில் செறிந்த வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தின் கீழ்முனையில், வேலூரை ஒட்டி மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாம் அமைந்துள்ளது. தமிழக முகாம்களில் 3,510 புதிய வீடுகள் கட்டும் பணிக்கு 2021 நவம்பர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இங்குதான் அடிக்கல் நாட்டினார். ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது. முகாம்வாசிகளின் சட்டநிலையோ மாறவில்லை. தமிழக முகாம்களில் வாழ்வோருள் ஒரு பகுதியினரான மலையகத் தமிழரைப் பொறுத்தவரை, அந்நிலையின் வேர் 1983 இனக்கலவரத்தில் அன்று, 1948-இல் உள்ளது.

இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், பிறந்த இடத்தோடு தந்தைவழி முன்னோரின் பிறப்பிடத்தையும் கேட்டது. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ 1946 ஜனவரி 1-க்கு முன் திருமணமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமைக்குச் சான்று கோரியது. தோட்ட லயத்து அறையில் வாழ்ந்த தொழிலாளியிடம் வீட்டுப் பத்திரமோ வாடகைச் சீட்டோ இருக்க வழியில்லை. இங்கு மறுக்கப்பட்டது வதிவு அன்று, வதிவுக்கான தாளே என்று கொள்வது பொருந்தும்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை நாடற்றோராகக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்றுத் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பலில் வந்தவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். 1984-இல் கப்பல் நின்றது. கலவரங்களுக்குத் தப்பிப் படகேறி வந்த அதே மரபினரோ ‘அகதி’ ஆயினர். முன்னோர் ஒரே மாவட்டத்தினராய் இருப்பினும், வந்த கலமும் கையிலிருந்த தாளும் அவர்களை இரு பிரிவாக்கின.

லயங்கள் எரிந்தபோது தாள்களும் எரிந்தன. இழந்தவற்றுக்கு ஈடாக இந்தியாவில் அவர்களுக்குக் கிடைத்தது முகாம் பதிவு. அதில் ஒரு முரண் உண்டு. இந்நாட்டில் பல்லாண்டு வாழ்ந்ததை மெய்ப்பிக்கும் அப்பதிவே அவர்களை இலங்கையர் என்றும் எழுதிவைக்கிறது. 2003 திருத்தத்தின்பின், செல்லத்தக்க கடவுச்சீட்டின்றி நுழைந்தவர் இந்தியச் சட்டத்தில் ‘சட்டவிரோதக் குடியேறி’. பதிவுவழிக் குடியுரிமை கோரும் தகுதி அவருக்கு இல்லை. பிறப்பின் பயனும் நாளைப் பொறுத்ததே. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்பதால், அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் ஆணையிட்டது. அந்நாளிலோ அதன் பின்னரோ பிறந்திருப்பின் அந்த வாதத்துக்கு இடமில்லை. முன்னதாக 2019-இல், பி. உலகநாதன் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்திய வம்சாவளி முகாம்வாசிகளின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கப் பணித்திருந்தார்.

இலங்கைப் பக்கம் கதவு பின்னர் திறந்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. 2009 திருத்தம் அதனை இந்தியாவுக்குப் புலம்பெயர்ந்தோர்க்கும் விரித்தது. ஆயினும் தமிழகத்தில் பிறந்த பேரன், தான் கண்டிராத தோட்டத்தில் பாட்டனார் 1964-இல் இருந்தார் என்பதைக் காட்டவேண்டும்.

2025 செப்டம்பரில் இந்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனைகளிலிருந்து விடுவித்துள்ளது. அவ்வாணை குடியுரிமை தருவதன்று; பதிவு இல்லாதவரை அது தொடவும் இல்லை.