சாப்புயியின் கல்லச்சோவியங்கள்

நிக்கோலா சாப்புயி (1790–1858) என்னும் பிரெஞ்சு ஓவியர், பாரிசிலுள்ள நோத்திரதாம் பேராலயத்தின் காட்சிகளைத் தாமே வரைந்து, கல்லச்சிற் பதித்து, 1823இல் வெளியிட்டார். அவற்றை அழகுப் படங்களெனக் கொள்வோர் பலர். வரலாற்று மாணவர்க்கோ அவை சான்றுகளாம். கல்லச்சு முறையில் ஓவியன் நெய்ப்பசையுள்ள கோலாற் கல்லின்மீதே வரைகின்றான். செதுக்குவோன் இடைப்புகுந்து உருவைத் திரித்தற்கு இடமில்லை. (படம் இடம் வலமாகப் பதியுமாதலின், மாற்றி வரையும் பயிற்சி வேண்டும்.)

அவர் கண்ட ஆலயம் பின்னையோர் அறிந்தது அன்று. முகப்பிலிருந்த அரசர் சிலைகள் புரட்சிக் காலத்தில், 1793இல், வீழ்த்தப்பட்டன. பழைய கூர்ங்கோபுரமும் அந்நூற்றாண்டின் இறுதியிற் கழற்றப்பட்டது. சிலைகளும் கோபுரமும் வியோலே-லெ-தூக்கின் திருப்பணியால் மீண்டும் எழுந்தன. அத்திருப்பணி எதைக் காத்தது, எதைப் புதிதாய்ப் புகுத்தியது என்று அளந்தறிய, அதற்கு முற்பட்ட இப்படங்கள் வேண்டும். சாப்புயி ஒளிநிழலைச் சற்றே மிகுத்திருக்கலாம். ஆயினும், 2019இல் எரிந்து வீழ்ந்த கூர்ங்கோபுரம் எழுந்தது 1859இல். அவர் மறைந்த மறு ஆண்டில்.