ஒருவன் பழியும் ஊரார் தலையும்

ஒருவன் செய்த குற்றத்திற்காக அவன் குலத்தையே தண்டிக்கும் வழக்கம் மிகப் பழையது. எரிகோவின் கொள்ளைப் பொருளில் சிலவற்றை ஒளித்துவைத்த ஆகானின் கதையை விவிலியத்தின் யோசுவா ஆகமம் கூறுகிறது. அங்கே அழிவுக்கு இழுத்துச் செல்லப்பட்டவன் அவன் மட்டுமல்லன். அவனுடைய புதல்வரும் புதல்வியரும் ஆடுமாடுகளுங்கூட.

இதனைத் தெய்வ சித்தம் என்று கூறி அமைதல் வரலாற்று மாணவனுக்குப் போதாது. மேய்ச்சல் நிலமும் மந்தையும் குலத்தின் பொதுவுடைமையாயிருந்த காலத்தில், புகழும் பழியும் குலத்திற்கே பொதுவாயின. தந்தையரின் பாவத்திற்கு மூன்றாம் நான்காம் தலைமுறையையும் கணக்குக் கேட்கும் கடவுளை யாத்திராகமம் காட்டுவது இச்சமுதாய அமைப்பின் எதிரொலியே.

ஆயினும், எதிர்க்குரலும் அவ்வேதத்திற்குள்ளேயே எழுந்தது. தந்தையின் குற்றத்திற்காகப் பிள்ளையைக் கொல்லலாகாது என உபாகமம் விதித்தது. யூதாவின் மன்னன் அமத்சியா, தன் தந்தையைக் கொன்றோரை மட்டும் தண்டித்து, அவர்தம் பிள்ளைகளை உயிரோடு விட்டான். கி.மு. 597இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுள் ஒருவரான எசேக்கியேல், முன்னோர் வினையைப் பின்னோர் சுமப்பர் என்ற பொருளில் வழங்கிய பழமொழி இனி வழங்கலாகாது என்றார். அவனவன் செயலுக்கு அவனவனே பொறுப்பு என்றார். இக்கொள்கை இத்துணைத் தெளிவாக ஒலித்தது அரண்மனையிலன்று. அகதிகள் நடுவே என்பதை நாம் மறத்தலாகாது.

வன்னி மக்களுக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. 1983 யூலையில் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். தென்னிலங்கையெங்கும் ஒரு பாவமும் அறியாத தமிழர் அதற்கு உயிர்விலை கொடுத்தனர். 1990களின் பொருளாதாரத் தடையில் உரமும் எரிபொருளும் மருந்தும் மறுக்கப்பட்டவர்கள் மாங்குளத்து உழவரும் குழந்தைகளுமே. 2009இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர், வன்னியில் வாழ்ந்தனர் என்பதற்காகவே, செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களின் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர்.

இவற்றைக் கண்டிக்கும் நா மற்றொன்றையும் கண்டித்தாக வேண்டும். மாங்குளத்தில் கிழக்கே பிரியும் பாதை ஒட்டுசுட்டானைக் கடந்து தண்ணீரூற்றை அடைகிறது. 1990 ஒக்டோபரில் அவ்வூரிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும், வட மாகாணம் முழுவதிலிருந்துமே, ஏறத்தாழ 70,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். கிழக்கில் பிறர் செய்தவற்றுக்கும், யாரோ சிலர்மீது எழுந்த ஐயத்துக்கும் வடக்கின் தாய்மாரும் சிறாரும் பொறுப்பாக்கப்பட்டனர். ஆகானின் பிள்ளைகள் செய்த குற்றம் யாதோ, அதுவே இவர்கள் செய்த குற்றமும்.

தான் செய்யாத குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படலாகாது என 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை உரைக்கிறது. எசேக்கியேலின் நீதிக்கு மறுபக்கமும் உண்டு: குற்றமற்றவனை விடுவிக்கும் அந்நீதி, குற்றம் புரிந்தவனைக் கூட்டத்துள் ஒளியவும் விடுவதில்லை. ஓர் இனத்தையே குற்றவாளியாக்கும்போது, கட்டளையிட்டவன் தப்பிவிடுகிறான். ஆகவே, வன்னிக்கு நீதி கேட்போர் சிங்கள மக்கள்மீதோ முஸ்லிம் மக்கள்மீதோ பழி சுமத்துதல் வேண்டா. கட்டளையிட்டவர் யார், நிறைவேற்றியவர் யார் என்று கேட்கட்டும். அதே கேள்வியைத் தம்மவரை நோக்கியும் கேட்கட்டும்.