ஏழு திருத்தங்கள்: ஹார்ட்ஃபோர்ட் மாநாடும் நியூ இங்கிலாந்தின் மனக்குறைகளும்

1814 டிசம்பர் 15 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 26 பேராளர்கள் மூடிய கதவுகளுக்குள் கூடினர். மாசசூசெட்ஸிலிருந்து 12 பேர், கனெக்டிகட்டிலிருந்து 7 பேர், ரோட் தீவிலிருந்து 4 பேர். நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களின் சில மாவட்டங்கள் சார்பில் மூவர். பிரிட்டனுடன் போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால், அவர்கள்மேல் துரோகப் பழி விழுந்தது. மூன்று வாரம் கழித்து அவர்கள் முன்வைத்த ஏழு அரசமைப்புத் திருத்தங்களைப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். ஏறத்தாழ ஒவ்வொரு திருத்தமும் நியூ இங்கிலாந்து வட்டாரம் பட்ட ஒரு குறிப்பிட்ட அடியின் தழும்பு.

கப்பலையும் மீனையும் நம்பிப் பிழைத்த துறைமுகங்களை அதிபர் ஜெஃபர்சனின் 1807ஆம் ஆண்டு வணிகத் தடைச் சட்டம் முடக்கியது. எனவே, எந்தத் தடையும் 60 நாளைத் தாண்டக்கூடாது என்றனர். 1812இல் போர்ப் பிரகடனம் கீழவையில் 79–49 என்றும், மேலவையில் 19–13 என்றும் நிறைவேறியது. போருக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்ற அவர்களது விதி அன்று இருந்திருந்தால், இரு அவைகளிலுமே அது தோற்றிருக்கும். இவர்கள் கோரிக்கை எண்ணிப் பார்த்து எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை பதவியேற்ற நான்கு அதிபர்களில் மூவர் வர்ஜீனியர். ஒரே மாநிலத்தவர் அடுத்தடுத்து அதிபராகக் கூடாது என்ற விதி அங்கிருந்து பிறந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஐந்தில் மூன்று பங்கு விதி. 1787ஆம் ஆண்டு அரசமைப்பு, வாக்குரிமையற்ற அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டுத் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்களைக் கொடுத்தது. அதிபர் தேர்விலும் அந்தக் கூடுதல் பலம் சேர்ந்தது. லூசியானாவை வாங்கியபின் புதிய அடிமை மாநிலங்கள் பெருகும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, சுதந்திர மக்களை மட்டுமே எண்ண வேண்டும் என்பதையே மாநாடு தன் முதல் திருத்தமாக வைத்தது. இந்தக் குறை உண்மையானது; நியாயமானதும்கூட. ஆனால் அடிமைகளின் விடுதலையைப் பற்றி அத்திருத்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. முந்தைய நூற்றாண்டில் ரோட் தீவின் துறைமுகங்களிலிருந்தே அடிமைக் கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போயின. அடிமைத்தனத்தைவிட, அடிமை உடையோரின் வாக்குப் பலமே இவர்களை உறுத்தியது.

டிமோதி பிக்கரிங் போன்ற நியூ இங்கிலாந்துத் தலைவர்கள் 1804 முதலே பிரிவினையைப் பேசிவந்தனர். ஜார்ஜ் கேபட் தலைமையில் மிதவாதிகள் நிறைந்த இந்த மாநாடு அந்த வழியில் போகவில்லை. கூட்டாட்சி வரியில் ஒரு பகுதியைத் தற்காப்புக்காகத் தாங்களே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு, ஹாரிசன் கிரே ஓடிஸ் உள்ளிட்ட மாசசூசெட்ஸ் தூதர்கள் 1815 தொடக்கத்தில் வாஷிங்டனுக்குப் புறப்பட்டனர். அவர்கள் கோரிக்கையை வைப்பதற்குள், பிரிட்டிஷ் படையை நியூ ஆர்லியன்ஸில் தோற்கடித்த செய்தியும், கென்ட் நகரில் பிரிட்டனுடன் கையெழுத்தான அமைதி உடன்படிக்கையின் செய்தியும் ஊரெங்கும் பரவிவிட்டன. கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினர். 1816 அதிபர் தேர்தலில் இன்னொரு வர்ஜீனியரான மன்றோ 183–34 என்ற தேர்வாளர் வாக்குகளில் வென்றார். பேராளர்கள் சார்ந்திருந்த ஃபெடரலிஸ்ட் கட்சி அதன்பின் அதிபர் தேர்தலுக்கு வேட்பாளரையே நிறுத்தவில்லை.

ஐந்தில் மூன்று பங்கு விதி 1868இல், 14ஆம் திருத்தத்தால் நீங்கியது. ஹார்ட்ஃபோர்ட் பேராளர்கள் கணக்கிலிருந்தே விலக்கக் கேட்ட அந்த மக்கள், விடுதலை பெற்றபின் முழு மனிதர்களாக எண்ணப்பட்டனர்.