கம்பியில்லாக் கடைசி மைல்

தொலைபேசி ஊருக்கு ஊர் செல்வது அரிதன்று; ஊர் எல்லையிலிருந்து வீட்டிற்குச் செல்வதே அரிது. செம்புக் கம்பிக்கும் கம்பத்திற்கும் ஆகும் பெருஞ்செலவே சிற்றூர்களை நெடுங்காலம் வாயடைத்து வைத்திருந்தது.

1990களில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், இத்தொலைவை வானொலி அலையால் கடக்கும் ‘கார்டெக்ட்’ முறையை உருவாக்கினர். கோபுரத்தில் ஒரு நிலையம், வீட்டில் ஒரு கருவி. 10 கிலோமீட்டர் வரை எட்டும். ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று நேரே ‘காண’ வேண்டும். அஸ்தம்பட்டியில் நிற்போருக்குச் சேர்வராயன் மலை தெரியும். மலைக்கு அப்பாலுள்ள ஊர் தெரியாது. அவ்வலைக்கும் அதே நிலைதான்.

இதன் நுட்பம் மற்றொன்றில் இருக்கிறது. அன்றைய தொலைபேசியில் இருவர் பேசுங்கால், அவர்கள் வாய்மூடியிருக்கும் கணத்திலும் வழி முழுவதும் அவர்களுக்கே உரியதாக இருந்தது. இணையச் செய்தியோ சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முகவரி தாங்கி, பிறர் பொட்டலங்களோடு ஒரே வழியில் செல்லும். சந்திதோறும் ‘ரௌட்டர்’ என்னும் கருவி அதற்கு வழிகாட்டும். கார்டெக்ட் பேச்சைத் தொலைபேசி நிலையத்திற்கும், பொட்டலங்களை இணையத்திற்கும் பிரித்து அனுப்பியது. பேசிக்கொண்டே இணையத்திலும் இருக்க முடிந்தது.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் இம்முறையில் இணைய நிலையங்கள் இயங்கின. கண் நோயாளியின் படம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றது. சான்றிதழ், முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்கள் தாலுகா அலுவலகத்திற்குச் சென்றன. அதற்காக ஒருவர் அன்றைய வேலையை விட்டுப் பேருந்தேற வேண்டியிருக்கவில்லை. முன்னின்ற அதிகாரிகள் மாற்றலாகிச் சென்றபின் விண்ணப்பங்களைக் கவனிப்பாரில்லை. சில ஆண்டுகளில் அந்தச் சேவை நின்றது. அலை எட்டாமையால் நின்றதன்று. விண்ணப்பம் அலுவலக மேசைவரை சென்றே நின்றது.